ஒரு சூதாடியின் வரவும் செலவும்

சூதின் தீமையைத் தமிழ் மக்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. திருவள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நாட்டையும் தம்பியரையும் தன்னையும் பணயமாக வைத்து இழந்த தருமனை நாம் தெருக்கூத்திலே கண்டிருக்கிறோம். புட்கரனிடம் அரசைத் தோற்றுக் காட்டுக்குச் சென்ற நளனின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால், இக்கதைகளில் எல்லாம் சூதாடியவனைப் பற்றிப் பிறரே பேசுகிறார்கள். சூதாடியவன் தானே அமர்ந்து, 'இவ்வளவு பெற்றேன், இவ்வளவு இழந்தேன், இன்ன காரணத்தால் இழந்தேன்' என்று கணக்கு எழுதி வைத்ததுண்டா? அவ்வாறு எழுதி வைத்த ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜெரோலாமோ கார்டானோ. இத்தாலி நாட்டினர், பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மருத்துவம் அவருடைய தொழில். கணிதத்தில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் அக்காலத்தில் மிகச் சிலரே. சூதாட்டத்தை அவர் தொழிலாகக் கொண்டவர் அல்லர். நோயாளிகளைப் பார்த்து, மாணவர்க்குப் பாடம் சொல்லி, எஞ்சிய நேரத்தில் நண்பர் வீடுகளிலும் தம் ஊர்ச் சூதாடுகளங்களிலும் ஆடியவர். எஞ்சிய நேரம் என்றேன். அது எவ்வளவு நேரமாக வளர்ந்தது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

கார்டானோ 1501ஆம் ஆண்டு பாவியா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஃபாட்ஸியோ மிலான் நகரத்து வழக்கறிஞர். வடிவ கணிதத்தில் வல்லவர். லியொனார்டோ டா வின்சி அவரிடம் வடிவ கணிதத்தில் ஐயம் கேட்டுத் தெளிந்ததுண்டு. அத்தகைய தந்தைக்குப் பிறந்தும், மைந்தருக்கு ஒரு குறை பிறவியிலேயே வந்து சேர்ந்தது. அவர் பிறந்தபோது தாயும் தந்தையும் முறைப்படி மணம் செய்துகொண்டிருக்கவில்லை. பிள்ளையின்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆயினும் ஊரார் அதை மறக்கவில்லை. பாவியாவிலும் பாதுவாவிலும் பயின்று மருத்துவப் பட்டம் பெற்ற பிறகு, மிலான் நகர மருத்துவர் சங்கத்தில் சேர அவர் விண்ணப்பித்தார். பிறப்பைக் காரணம் காட்டிச் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. சங்கத்தில் இடம் இல்லாதவர் அந்நகரில் மருத்துவம் செய்ய இயலாது. கற்ற கல்வி கையில் இருந்தும் அதைக் கொண்டு பிழைக்க வழி அடைபட்டது.

தந்தையார் 1524ஆம் ஆண்டில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற சிறு பொருள் விரைவில் கரைந்தது. இளைஞர் கார்டானோ சூதாட்டத்தைப் பொருளீட்டும் வழியாக நாடினார். சீட்டு, பகடை, பந்தயம் வைத்து ஆடும் சதுரங்கம் ஆகிய மூன்றிலும் அவர் கை தேர்ந்திருந்தது. எதிரே இருப்பவர்களைவிட அவருக்கு எண்ணிக்கையில் கூர்மை மிகுதி. ஆகவே தோற்பதைவிட வெல்வதே அவருக்குப் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. சூதாட்டத்திலே இதுதான் முதல் கண்ணி. முதல் நாளிலேயே தோற்றவன் வீடு திரும்பிவிடக் கூடும். வென்றவனோ மறுநாளும் வருவான்.

அந்நாளில் இத்தாலியில் பெரிதும் பரவியிருந்த சீட்டாட்டத்துக்கு 'ப்ரிமேரோ' என்று பெயர். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய சீட்டுகளை நீக்கிய நாற்பது சீட்டுக் கட்டைக் கொண்டு அதை ஆடினார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள் கிடைக்கும். நான்கும் ஒரே இனமாக அமைவது ஒரு வகை. நான்கும் வெவ்வேறு இனமாக அமைவது மற்றொரு வகை. நான்கும் ஒரே மதிப்புள்ள சீட்டுகளாக அமைவது எல்லாவற்றிலும் அரிய வகை. ஆடுகிறவர்கள் பணயத்தை உயர்த்திக்கொண்டே போவார்கள். கையில் ஒன்றும் இல்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வான். இன்று உலகெங்கும் ஆடப்பெறும் 'போக்கர்' என்னும் ஆட்டம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் உருப்பெற்றது. அதன் முன்னோர் வரிசையில் ப்ரிமேரோவையும் வைத்து எண்ணுவது வழக்கம்.

அவருடைய ஆட்டங்களுள் ஒன்றைக் கார்டானோவே தம் வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். அது வெனிஸ் நகரில் நிகழ்ந்தது. செப்டம்பர் மாதத்தில் மரியன்னையின் பிறந்த நாள் திருவிழா. அந்த நாளில் ஒரு பிரபுவின் வீட்டில் சீட்டாட அமர்ந்தார்; கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியைத் தோற்றார். மறுநாளும் போனார், மிச்சத்தையும் தோற்றார். மோதிரமும் மேலாடையும்கூடப் பணயமாகிப் போயின. அப்போதுதான், தம் எதிரே விழும் சீட்டுகளின்மேல் அடையாளக் குறிகள் இடப்பட்டிருப்பதை அவர் கண்டார். குத்துவாளை உருவி, வஞ்சித்த பிரபுவின் முகத்தில் கீறினார். தோற்ற பணத்தையும் ஆடையையும் மோதிரத்தையும் வாரிக்கொண்டார். காயத்தைக் கண்டதும் மனம் கலங்கியது. எடுத்த காசில் ஒரு பகுதியை அங்கேயே எறிந்துவிட்டு ஓடினார்.

கதை அத்துடன் முடியவில்லை. காவலர்க்கு அஞ்சி ஆடையின் அடியில் கவசம் அணிந்து இருட்டிலே போய்க்கொண்டிருந்தவர், கால் இடறி நீரில் விழுந்தார். கவசமும் ஆயுதமும் அவரைக் கீழே இழுத்தன. அவ்வழியே வந்த படகொன்றின் விளிம்பைப் பற்றித் தொங்கினார். படகில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால், முகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்திருப்பவர் அதே பிரபு! அவர் சினம் கொள்ளவில்லை. நனைந்திருந்த கார்டானோவுக்கு மாற்றிக்கொள்ள ஒரு மாலுமியின் உடையைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்தே பாதுவா நகருக்குப் பயணமானார்கள்.

இந்நிகழ்ச்சி நகைப்புக்கு உரியதுபோல் தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வஞ்சகன் ஒருவன், கொலைக்கும் துணியக்கூடிய இளைஞன் ஒருவன். இருவரும் ஒரே படகில் செல்கிறார்கள். சூதாடுகளம் நல்லவனையும் தீயவனையும் எவ்வளவு எளிதாக ஒரே பலகையில் உட்கார்த்திவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1531ஆம் ஆண்டில் கார்டானோ லூசியா என்னும் பெண்ணை மணந்தார். மிலான் நகரில் மருத்துவம் செய்ய இயலாமையால் கல்லராத்தே என்னும் சிற்றூரில் குடியேறினார். நோயாளிகள் வரவில்லை. வருமானம் இல்லாத மருத்துவர் மறுபடியும் சீட்டுக் கட்டை எடுத்தார். இம்முறை வெற்றி வரவில்லை. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அவற்றின் பின்னால் வீட்டுச் சாமான்களும் போயின. கையில் ஒன்றும் இல்லாத நிலையில் குடும்பம் மிலானுக்குத் திரும்பி, ஏழைகள் விடுதியிலே தங்க நேர்ந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற மருத்துவர் கைக்குழந்தையோடும் மனைவியோடும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அந்த இருளில் ஒரு கதவு திறந்தது. 1534ஆம் ஆண்டில், முன்பு தந்தையார் வகித்த கணித ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. ஊதியம் சிறிது, ஆயினும் ஓய்வு இருந்தது. அந்த ஓய்வில் சில நோயாளிகளைப் பார்த்தார், சிலரைக் குணப்படுத்தினார், பெயர் பரவியது. 1539ஆம் ஆண்டில், பல ஆண்டுகள் அவரைப் புறக்கணித்த மருத்துவர் சங்கமே அவரை உறுப்பினராக ஏற்றது. இனிச் சூதை நாட வேண்டிய வறுமை அவருக்கு இல்லை. அப்படியானால் சூதை விட்டுவிட்டாரா? விடவில்லை. வறுமை போக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட பழக்கம், வறுமை போன பிறகும் போகவில்லை.

இந்த இடத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியே கார்டானோவின் கணக்கில் மிக முக்கியமான வரி என்று நான் கருதுகிறேன். 1542ஆம் ஆண்டில் அவர் மிலான் நகரத்துப் பிரபு ஒருவர் வீட்டுக்கு நாள்தோறும் சென்று பந்தயச் சதுரங்கம் ஆடி வந்தார். பெரும்பாலும் கார்டானோவே வென்றார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பொற்காசு அவருக்குச் சேர்ந்தது. பிரபுவுக்குப் பொழுது இனிமையாகப் போயிற்று. கார்டானோவுக்குப் பணமும் கிடைத்தது. இதில் என்ன நட்டம் என்று நாம் கேட்கலாம். நட்டத்தைக் கார்டானோவே எழுதுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் தம் மருத்துவத்தைக் கவனிக்கவில்லை, படிப்பைக் கவனிக்கவில்லை, ஊரில் தமக்கிருந்த நற்பெயரையும் கவனிக்கவில்லை. ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு நாள் அந்தப் பிரபு திடீரென்று, இனிமேல் ஆடுவதற்காகத் தம் வீட்டுக்கு வருவதில்லை என்று கார்டானோவைச் சத்தியம் செய்யச் சொன்னார். தொடர்ந்து தோற்றதால் வந்த சலிப்போ, வேறு எண்ணமோ, எதுவாயினும் ஆகட்டும். கார்டானோ சத்தியம் செய்தார். அதன்பின் முழு மனத்தோடு நூல்களுக்குத் திரும்பினார்.

மூன்றே ஆண்டுகளில், அதாவது 1545இல், அவருடைய 'ஆர்ஸ் மாக்னா' என்னும் பெருநூல் ஜெர்மனியில் உள்ள நூரெம்பர்க் நகரில் வெளிவந்தது. முப்படி, நாற்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகளை உலகுக்கு முதன்முதலாக அச்சில் விளக்கிய நூல் அதுவே. அம்முறைகளுள் ஒன்றைத் தார்த்தாலியா என்பவர் இரகசியமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுத் தமக்குச் சொல்ல, கார்டானோ அதை அச்சிட்டுவிட்டார் என்பதால் எழுந்த பூசல் வேறு கதை. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் உண்டெனக் கொண்டால் என்ன ஆகும் என்று துணிந்து எழுதிப் பார்த்ததும் இந்த நூலில்தான். நாளொரு பொற்காசாக வென்றுகொண்டே அந்தச் சதுரங்கப் பலகையின் முன் அவர் இன்னும் சில ஆண்டுகள் அமர்ந்திருந்தால், இந்த நூலின் கதி என்ன ஆகியிருக்கும்? இழப்பினால் மட்டுமே சூதாடி கெடுகிறான் என்று எண்ணுகிறோம். வெற்றியாலும் அவன் கெட முடியும் என்பதைக் கார்டானோவின் இந்த வரி காட்டுகிறது.

இனி, அவர் எழுதிய சூதாட்ட நூலுக்கு வருவோம். இலத்தீன் மொழியில் அமைந்த அதற்கு 'லிபெர் டே லூதோ அலேயே' என்று பெயர். சூதாட்டத்தைப் பற்றிய நூல் என்பது பொருள். ஒரே மூச்சில் எழுதியது அன்று. இளமையில் தொடங்கி முதுமை வரை அவ்வப்போது எழுதித் திருத்தியது. மோசக்காரர்கள் சீட்டுகளின்மேல் சோப்பைத் தடவி வழுக்கச் செய்யும் தந்திரம், மோதிரத்தில் சிறு கண்ணாடி பதித்து எதிரியின் சீட்டைப் பார்க்கும் தந்திரம் முதலியவை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் பெருமை அவற்றில் இல்லை. பகடை உருளுவதைக் கண்டு மக்கள் விதி என்றும் அதிருஷ்டம் என்றும் சொல்லிவந்த இடத்தில், கார்டானோ எண்ணத் தொடங்கினார். அந்த எண்ணிக்கையிலேதான் நூலின் பெருமை இருக்கிறது.

பகடை ஒன்றுக்கு ஆறு முகங்கள். கோணல் இல்லாத பகடையானால் ஒவ்வொரு முகமும் விழுவதற்கு ஒரே அளவு வாய்ப்பு உண்டு. இரண்டு பகடைகளை உருட்டினால் ஆறு பெருக்கல் ஆறு, முப்பத்தாறு வகைகளில் விழலாம். மூன்று பகடைகளானால் 216 வகைகள். நமக்கு வேண்டிய வகைகள் எத்தனை என்று எண்ண வேண்டும். மொத்த வகைகள் எத்தனை என்று எண்ண வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பணயத்தை அமைக்க வேண்டும். அவ்வாறு அமைத்தால்தான் இரு பக்கத்தாருக்கும் நீதியான ஆட்டமாகும். நிகழ்தகவு என்று இன்று நீங்கள் பள்ளியில் படிக்கும் பகுதிக்கு இதுவே அடிப்படை. இன்று இது எளிதாகத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் பகடை உருட்டியிருக்கிறார்கள். அவர்களுள் இதைச் சூதாட்டத்துக்குரிய பொது விதியாக எழுதி விளக்கிய முதல்வர்களுள் ஒருவர் இந்த மிலான் மருத்துவர்.

அவரும் முதலிலேயே சரியாகக் கண்டுவிடவில்லை. ஒரு பகடையை மூன்று முறை உருட்டினால், அவற்றில் ஒரு முறையேனும் ஒன்று என்னும் முகம் விழுமா? ஆறு முகங்களில் பாதி மூன்று. ஆகவே மூன்று முறை உருட்டினால் விழுவதற்கும் விழாமைக்கும் வாய்ப்புச் சமம் என்று ஓரிடத்தில் எழுதினார். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. நாமும் அவ்வாறே சொல்லியிருப்போம். ஆனால் எண்ணிப் பாருங்கள். மூன்று உருட்டல்களுக்கு மொத்த வகைகள் 216. ஒன்று என்னும் முகம் ஒரு முறைகூட விழாத வகைகள் ஐந்து பெருக்கல் ஐந்து பெருக்கல் ஐந்து, ஆக 125. எஞ்சியவை 91. சரிபாதி என்றால் 108 இருக்க வேண்டும், இல்லை. இந்தப் பந்தயத்தைச் சமமான பணயம் வைத்து 216 முறை ஆடுகிறவன், சராசரியாக 91 முறை வென்று 125 முறை தோற்பான். ஆட்டத்துக்கு ஒரு காசு வீதம் 34 காசுகளை இழப்பான். தான் இழந்த காரணம் அவனுக்குத் தெரியாது. அதிருஷ்டம் இல்லை என்று வருந்துவான். அடுத்த வாரம் மறுபடியும் வருவான்.

நூலின் மற்றோர் இடத்தில் கார்டானோ வகைகளை நேரே எண்ணி, இரண்டு பகடைக்கு 36இல் 11 என்றும், மூன்று பகடைக்கு 216இல் 91 என்றும் சரியான விடையைக் கண்டுவிட்டார். அடுத்தடுத்து வெல்லும் கணக்கிலும் இதே கதைதான். முதலில் ஒரு விதியைச் சொன்னார், ஒற்றை இரட்டை விழுவதை வைத்துச் சோதித்துப் பார்த்தார், பொருந்தவில்லை. பிறகு, இரட்டை எண் விழ இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பானால், அடுத்தடுத்து இரு முறை விழ நான்கில் ஒரு பங்கு, மூன்று முறை விழ எட்டில் ஒரு பங்கு என்று திருத்தினார். வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும் என்னும் விதி அவ்வாறு பிறந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சரியான விடையைக் கண்டபின் தவறான பக்கங்களை அவர் கிழித்து எறியவில்லை. தவறும் திருத்தமும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. கணக்கிலே தவறு செய்தால் அதை அழித்துவிட்டுப் புதுத் தாள் எடுக்கும் பழக்கம் நம் மாணவர்களுக்கு உண்டு. அழிக்காமல் வைத்திருந்தால், எந்த இடத்தில் மனம் வழுக்கியது என்று பிறகும் பார்க்கலாம். கார்டானோவின் நூலைப் படிக்கிறவர்கள் ஒரு புதிய சாஸ்திரம் தட்டுத் தடுமாறி நடை பழகுவதையே கண் முன்னே காண்கிறார்கள்.

நூலில் அவர் வற்புறுத்தும் அறம் ஒன்றும் உண்டு. ஆட்டத்துக்கு அடிப்படை சமநிலை என்கிறார். பணம், எதிரி, பார்த்துக்கொண்டு நிற்பவர்கள், ஆடும் இடம், பகடை ஆகிய எல்லாவற்றிலும் சமநிலை வேண்டும். நிலைமை எதிரிக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கும்போது ஆடுகிறவன் மூடன்; தனக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கும்போது ஆடுகிறவன் அநீதி செய்கிறான் என்பது அவர் கருத்து. இதையே இன்னொரு விதமாகவும் அவர் முடித்துக்காட்டுகிறார். சூதாட்டத்தால் பெறக்கூடிய பெரிய ஊதியம், அதை ஆடாமல் இருப்பதேயாம். வாழ்நாள் முழுவதும் ஆடிய ஒருவர், கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்ட முடிவு இது.

கண்ட முடிவின்படி நடந்தாரா? அங்கேதான் கார்டானோவின் வாழ்க்கை நம் மனத்தைத் தொடுகிறது. ஆர்ஸ் மாக்னா வெளிவந்த பிறகு அவர் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1552ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுப் பேராயர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் நோய் தீர்க்க அவரை அங்கே வரவழைத்தார்கள், சிகிச்சை பலித்தது, பெரும் பொருளோடு திரும்பினார். ஆனால் வீட்டிலே துயரம் காத்திருந்தது. மூத்த மைந்தன் ஜியாம்பட்டிஸ்டா தன் மனைவிக்கு நஞ்சிட்ட குற்றத்துக்காக 1560ஆம் ஆண்டில் தலை வெட்டுண்டு இறந்தான். தந்தை அந்தத் துயரிலிருந்து இறுதி வரை மீளவில்லை. மிலானை விட்டுப் பொலோனா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராகச் சென்றார்.

இளைய மைந்தன் ஆல்டோ. அவன் தந்தையின் கணிதத்தைக் கற்கவில்லை, மருத்துவத்தையும் கற்கவில்லை. தந்தையிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது சூதாட்டம் ஒன்றுதான். தன் உடைமைகளைத் தோற்றான்; உடுத்த உடையைத் தோற்றான்; தந்தையின் பணத்தையும் தோற்றான். 1569ஆம் ஆண்டில் தந்தையின் வீட்டிலேயே புகுந்து பணத்தையும் நகைகளையும் திருடினான். முதியவர் வேறு வழி இல்லாமல் தாமே அதிகாரிகளிடம் முறையிட்டார். ஆல்டோ நகரிலிருந்து வெளியேற்றப்பட்டான். அடகுக் கடைக்குப் போன லூசியாவின் நகைகளை இங்கே நாம் நினைத்துக்கொள்ளலாம். முன்னே வீட்டு நகைகளை எடுத்துச் சென்றவர் தந்தை. பின்னே எடுத்துச் சென்றவன் மகன். பகடையின் எல்லா முகங்களையும் எண்ணிய கார்டானோ, தம் வீட்டில் வளரும் பிள்ளையின் கண்கள் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதை எண்ணவில்லை.

1570ஆம் ஆண்டில் சமய நீதிமன்றம் அவரைக் கைது செய்தது. சில மாதங்கள் சிறையில் இருந்தார். பேராசிரியர் பதவி போயிற்று. ரோம் நகருக்குச் சென்று, பிற்பாடு போப்பாண்டவர் அளித்த உதவித்தொகையில் எஞ்சிய நாள்களைக் கழித்தார். அங்கே, எழுபது வயதைக் கடந்த நிலையில், தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அதில் தம் உருவத்தையும் நோய்களையும் குணக்கேடுகளையும் மறைக்காமல் வரிசைப்படுத்தினார். சூதாட்டத்துக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. சதுரங்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடியதையும், பகடை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் ஆடியதையும், அதுவும் நாள் தவறாமல் ஆடியதையும் நாணத்தோடு ஒப்புக்கொள்கிறார். இழந்தவற்றையும் கணக்கிடுகிறார். பொருளை இழந்ததோடு மதிப்பையும் காலத்தையும் இழந்தேன் என்று சேர்த்து எழுதுகிறார். பணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஒருவேளை அவர் ஏட்டிலே வரவு மிகுந்து நின்றிருக்கலாம். காலத்தையும் சேர்த்து எழுதியபோதுதான் உண்மையான கூட்டுத்தொகை வெளிப்பட்டது.

1576ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கார்டானோ ரோம் நகரில் காலமானார். சூதாட்ட நூல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1663ஆம் ஆண்டில், அவருடைய நூல்கள் அனைத்தையும் பிரான்சில் உள்ள லியோன் நகரில் தொகுத்து அச்சிட்டபோதுதான் அது வெளியுலகைக் கண்டது. அதற்குள் காலம் முந்திவிட்டது. 1654ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு பேரறிஞர்கள் சூதாட்டத்தைப் பற்றிய வினாக்களைக் கடிதங்களில் ஆராய்ந்து நிகழ்தகவுச் சாஸ்திரத்துக்கு உறுதியான அடித்தளம் இட்டுவிட்டார்கள். அவர்கள் ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாக இருந்ததும் ஒரு சூதாடியின் ஐயந்தான். 1657இல் ஹைகன்ஸ் என்னும் டச்சு அறிஞரின் சிறு நூல் வந்தது. 1693இல் ஹாலி, பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு மனித ஆயுளின் அட்டவணையை வகுத்தார். 1713இல் யாக்கோபு பெர்னூலியின் பெருநூல் வந்தது. ஆயுள் காப்பீடு, மக்கள்தொகைக் கணக்கு, ஒரு மருந்து பலித்ததா இல்லையா என்னும் சோதனை ஆகிய எல்லாம் அந்தச் சாஸ்திரத்தின் கிளைகளாக வளர்ந்தன. பகடையாட்டத்தில் தொடங்கிய எண்ணிக்கை, நோயாளியின் படுக்கை அருகிலும் விதவையின் வீட்டு வாசலிலும் உதவியாக வந்து நின்றது. மருத்துவராகிய கார்டானோ அதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தொடங்கும்போது நளன் கதையைச் சொன்னேன். அந்தக் கதையிலே, சூதில் தோற்ற நளன் தேர்ப்பாகனாக மாறி இருதுபன்னன் என்னும் அரசனிடம் பணிபுரிகிறான். தேர் விரைந்து போகும்போது அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இலையும் காயும் இவ்வளவு என்று எண்ணிக்கை சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. எண்ணும் வித்தையையும் சூதின் இரகசியத்தையும் அரசனிடமிருந்து பெற்று, அதற்கு ஈடாகக் குதிரை வித்தையைக் கற்பிக்கிறான். எண்ணிக்கைக்கும் சூதுக்கும் உறவு உண்டென்பது நம் நாட்டுக் கதை சொன்னவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அவ்வித்தையைக் கற்ற நளன் ஒரே முறை ஆடினான், இழந்த நாட்டை மீட்டான், அத்துடன் நிறுத்தினான். கார்டானோவுக்கும் வித்தை கிடைத்தது. அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. மாணவ நண்பர்களே, அவர் நமக்கு விட்டுச் சென்ற கணிதத்தை நன்றியோடு படியுங்கள். அதனுடன், அவர் வெட்கத்தை விட்டு எழுதிவைத்த வரவு செலவுக் கணக்கையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். நாள்தோறும் நாம் எதையேனும் பணயமாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்; அது பணமாக இல்லாவிட்டால் பொழுதாக இருக்கிறது. அந்தச் செலவைக் கணக்கில் எழுதக் கார்டானோவுக்கு எழுபது வயது ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.